புரட்டாசிக்கு முன்னால்

ஆகஸ்ட் 29, பெருந்துறை

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நேற்றும் இரவு பன்னிரண்டே கால் வரைக்கும் பாட்டுச் சத்தம் ஓயவில்லை. மண்டபத்துக்குள் நடந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னால் திறந்த புல்வெளியில் கச்சேரி, எங்கள் காம்பவுண்டை ஒட்டி இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ். அம்மாவுக்கு 81 வயது. படபடப்பு வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் வந்தால் குறைக்கிறார்கள், ஜீப் திரும்பியதும் ஏற்றுகிறார்கள். இனி கோர்ட்தான்.

செப்டம்பர் 2

வக்கீலைப் பார்த்தேன். முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்டு வழக்கு, கூடவே இடைக்காலத் தடைக்கு மனு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. "லைசென்ஸ் இருக்குதும்பாங்க. அது மண்டபம் நடத்தறதுக்குங்க, அடுத்த வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கறதுக்கு இல்லை" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்து கையெழுத்துப் போடவில்லை. தையில் அவர் மகள் கல்யாணம் அதே மண்டபத்தில். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நேர்கிற தொல்லைக்கு நாங்கள் மட்டும் வழக்குப் போட்டாலே போதுமாம்.

வக்கீலுக்கு ஒரே அவசரம். கோர்ட் சார்பில் வந்து சத்தத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கப் போகிறோம். புரட்டாசி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை, ஆணையர் வந்து எதைக் கேட்பார்?

செப்டம்பர் 8

ஆணையரை நியமித்தாயிற்று. எதிர்த்தரப்புக்கு முன்கூட்டி நோட்டீஸ் போகவில்லை. போயிருந்தால் அன்றைக்கு மட்டும் நாதஸ்வரம் வாசித்திருப்பார்கள்.

செப்டம்பர் 13

நேற்று ரிசப்ஷன். ஆணையர் 10.20-க்கு வந்தார், சின்னப் பையன். அம்மாவின் அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு மீட்டரை வைத்தார்: 71. திறந்தபோது 80-ஐத் தாண்டியது. மேஜைமேல் தண்ணீர்ச் செம்பு அதிர்ந்துகொண்டிருந்ததையும் எழுதிக்கொண்டார்.

அம்மா அவரிடம் "சாப்ட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார். மூன்று முறை கேட்டும் அவருக்குக் காதில் விழவில்லை. அப்புறம் நான்தான் அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

செப்டம்பர் 24

இடைக்காலத் தடை கிடைத்தது. இரவு 10-க்கு மேல் புல்வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மண்டபத்தை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணம் அங்கேயே நல்லபடியாக நடக்கட்டும்.

இப்போது புரட்டாசி, மண்டபம் இருட்டாகக் கிடக்கிறது. அம்மா ஒன்பதரைக்கே தூங்கிவிட்டார். ஐப்பசியில் முதல் முகூர்த்தம் எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்து வைத்திருக்கிறேன்.