படகைக் கரையேற்றியாச்சு, ஆய்வாளர்தான் வரவில்லை

பழைய நீராவிப் படகைப் பராமரிப்புக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொதிகலன் ஆய்வாளர் வரும் தேதி எழுத்தில் கைக்கு வராமல் படகைத் தண்ணீரிலிருந்து எடுக்க விடாதீர்கள். எங்களுக்கு ஃபோனில் தேதி சொன்னார்கள். படகு மேலேறியதும் அந்தத் தேதி மாறியது, பிறகு மறுபடியும் மாறியது. எங்களுடையது மரப்படகு. அது பாட்டுக்கு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பே ஒரு தகராறு. பழுதுபார்க்கும் தளத்தின் அலுவலகத்தில் 'டாக்கிங் பிளான்' கேட்டார்கள். அடியில் எந்தெந்த இடத்தில் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும் என்று காட்டும் வரைபடம் அது. கேட்பது நியாயம்தான். கொதிகலனின் எடை முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பழைய உடலைத் தப்பான இடத்தில் தாங்கினால் முதுகு வளைந்துவிடும். ஆனால் அதை எங்கே வாங்குவது என்று கேட்டதற்கு, "படகு கட்டினவங்ககிட்ட கேளுங்க" என்றார் எழுத்தர். கட்டியவர்கள் காலமாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அன்றைய அலைச்சல் வீண்.

கடைசியில் நாங்களே வரைந்தோம். உள்ளே இறங்கி, கொதிகலன், எஞ்சின், நிலக்கரி அறை ஒவ்வொன்றும் முனையிலிருந்து எவ்வளவு தூரம், எந்த விலாக்கட்டையின் மேல் நிற்கிறது என்று அளந்தோம். முந்தைய முறை கரையேற்றியபோது எடுத்த புகைப்படங்கள்தான் கைகொடுத்தன. கட்டை முட்டியிருந்த இடங்களில் பெயின்ட் ஏறாமல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. இந்த முறை கட்டைகளைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னோம், விட்டுப்போன இடத்துக்கும் பெயின்ட் ஏறட்டும் என்று. அந்த வரைபடத்தை அலுவலகம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

கொதிகலனை முன்னதாகவே அணைத்து, தானாக ஆறவிட்டு, அப்புறம்தான் தண்ணீரை வடித்தோம். அவசரப்பட்டுச் சூட்டோடு வடித்தால் உள்ளே இருக்கும் சேறு சுட்டுக் கெட்டியாகிவிடும், இணைப்புகளும் கசிய ஆரம்பிக்கும். வின்ச் இழுத்தது, படகைத் தாங்கும் சட்டமான தொட்டில் ஏறியது, படகு நேராக நின்றது. பாசி சுரண்டல், மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரையும் துத்தநாகக் கட்டியை மாற்றல், புரொப்பல்லர் தண்டு வழியே தண்ணீர் புகாமல் அடைக்கும் பேக்கிங், எல்லாம் சொன்னபடி முடிந்தன.

ஒருவழியாக ஆய்வாளர் வந்தார். உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும், அழுத்தச் சோதனையும் இங்கேயே வேண்டும் என்றார். சோதனைக்குக் கொதிகலனைக் காற்றே இல்லாமல் ததும்ப நிரப்பணும். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் 1 டன். தளத்து மேற்பார்வையாளரோ, காலிக் கொதிகலன் என்று எழுதிக் கொடுத்த எடைக்குத்தான் தொட்டில், ஒரு வாளி கூட ஊற்ற விடமாட்டேன் என்று நின்றார். இரண்டு பேர் சொல்வதும் சரி. நடுவில் படகின் பலகை இடுக்குகள் அகன்றுகொண்டே போயின.

சோதனைக்குப் படகு கரையில் இருந்தே ஆக வேண்டும் என்று விதியில் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளரிடம் பணிவாகக் கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி எதுவும் இல்லை. உள்பக்க ஆய்வு கரையில், அழுத்தச் சோதனை மிதக்கும்போது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். நீங்கள் இதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

காத்திருந்த நாட்களில் ஈரச் சாக்குகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நனைத்தோம். அப்படியும் சில இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. கலப்பத்து, அதாவது பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை, பார்க்க வந்த இளைஞர் எல்லாவற்றிலும் பஞ்சுத்திரியை இறுக்கி அடிக்கக் கிளம்பினார். விடவில்லை. காய்ந்த பலகையில் இறுக அடைத்தால், அது தண்ணீரில் ஊதும்போது திரியைப் பிதுக்கித் தள்ளும், இல்லையென்றால் விலாக்கட்டையைப் பிடித்து நெம்பும். பழைய திரி உளுத்த இடங்களில் மட்டும் மாற்றச் சொன்னோம்.

இறக்கிய அன்று தண்ணீர் சலசலவென்று உள்ளே வந்தது. தளத்துக்காரர்கள் பதறிப்போய் உடனே மேலே இழுக்கப் பார்த்தார்கள். இதற்காகத்தான் தொட்டிலை விட்டுக் கழற்றாமல், பாதி மிதந்தபடியே இரவு முழுக்க வைத்திருக்க முன்பே பேசியிருந்தோம். இரண்டு பம்ப், ஒன்று போனால் இன்னொன்று. விடிவதற்குள் பலகை ஊதி, கசிவு சொட்டாகக் குறைந்தது.

மிதக்கும்போதே கொதிகலனை நிரப்பினோம். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்தினார்கள். முள் அசையவில்லை. சான்றிதழ் வந்துவிட்டது.

கூடவே தளத்தின் பில்லும் வந்தது. அதில் 'டாக்கிங் பிளான் தயாரிப்புக் கட்டணம்' என்று ஒரு வரி. நாங்கள் அளந்து, நாங்கள் வரைந்த படம்! அந்த வரியை எழுத்தரையே பேனாவால் அடிக்க வைத்து, வரைபடத்தில் தளத்தின் முத்திரையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் பணத்தைக் கட்டினேன்.