மூன்று ஹெட்போன்களை ஒரே ஒலியளவில் கேட்டுப் பார்த்த அனுபவம்

வெளியே எடுத்துச் செல்லும் மூன்று ஹெட்போன்களை ஒப்பிட்டு முதல் வாரத்தில் எழுதிய குறிப்புகளில் பாதிக்கு மேல் இப்போது அடித்துவிட்டேன். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, பஞ்சு உறையுடன் காதின் மேல் அமரும் திறந்த வகை. 1979-இல் முதல் வாக்மேனுடன் வந்த இலேசான ஹெட்போனின் வழித்தோன்றல் என்று சொல்லலாம். இரண்டாவது, காதை முழுவதும் மூடிக்கொள்ளும் மடக்கு வகை. புளூடூத், கம்பி இரண்டிலும் வேலை செய்யும். மூன்றாவது, சிலிக்கான் முனையுடன் காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன். எல்லாவற்றிலும் ஒரே ஐந்து பதிவுகளைத்தான் கேட்டேன். அவற்றுள் எனக்கு அதிகம் உதவியது ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வலப்பக்கத் தோலான வலந்தலையின் கூர்மையான அடியும், இடப்பக்கத் தோலான தொப்பியிலிருந்து வழுக்கி எழும் ஆழ்ந்த ஒலியான கும்கியும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதால், ஹெட்போன் எந்த அலைவரிசையைத் தூக்குகிறது, எதை அமுக்குகிறது என்பது உடனே காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

முதல் நாள் குறிப்பில் இயர்போனே மூன்றிலும் தெளிவானது என்று எழுதியிருந்தேன். பிறகு யோசித்தால், போனில் ஒரே வால்யூம் நிலையில் அது மற்றவற்றைவிடச் சத்தமாக ஒலித்தது என்பதற்கு மேல் அந்தக் குறிப்பில் ஒன்றும் இல்லை. ஒரு டெசிபல் அளவுக்குச் சத்தம் கூடினாலே, அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு, உயிர்ப்பு என்று எண்ணிக்கொள்வது காதின் இயல்பு. பெட்டியில் அச்சிட்டிருந்த உணர்திறன் எண்களும், அதாவது இவ்வளவு மின்சக்திக்கு இவ்வளவு சத்தம் என்று சொல்லும் எண்களும், என்னைக் குழப்பின. இயர்போனுக்கும் திறந்த ஹெட்போனுக்கும் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்றே போட்டிருந்தது. ஆனால் ஒரே வால்யூமில் போன் இரண்டுக்கும் தருவது ஒரே மின்னழுத்தம், ஒரே மின்சக்தி அல்ல. 16 ஓம் மின்தடை உள்ள இயர்போனுக்கு அந்த எண்ணை ஒரு வோல்ட்டுக்கு மாற்றினால் ஏறக்குறைய 118 டெசிபல் வருகிறது. 60 ஓம் ஹெட்போனுக்கு 112 தான். பெட்டியில் சமமாக இருப்பவை, காதில் 6 டெசிபல் விலகி நிற்கின்றன.

ஒலியளவைச் சமன்செய்ய முதலில் ஒரு தடித்த அட்டையில் துளையிட்டு, சிறிய மைக் ஒன்றைப் பொருத்தி அளந்து பார்த்தேன். மூடிய வகைக்கு அது ஓரளவு ஒத்துவந்தது; காதுக்குள் செருகும் வகையை அட்டையின் மேல் வைத்து அளப்பதில் பொருளே இல்லை. இறுதியில் 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலை மட்டும் ஓடவிட்டு, இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றி அணிந்து, காதாலேயே சமன்செய்தேன். முழு அலைவரிசை இரைச்சலைப் பயன்படுத்தினால், பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மிகுந்த ஹெட்போன் சத்தமாகத் தோன்றி, அதன் குரல் பகுதி தேவைக்கு மேல் இறங்கிவிடும். போனின் வால்யூம் படிகள் பெரியவை என்பதால், மிச்சத்தைப் பாடல் இயக்கும் செயலியில் அரை டெசிபல் அரை டெசிபலாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இது முடிந்ததும் இயர்போனின் ‘தெளிவு’ பெரும்பாலும் காணாமல் போனது.

இரவில் எழுதிய குறிப்புகளில் மூன்றுக்குமே ‘பேஸ் மெலிவு’ என்று இருந்தது. காலைக் குறிப்புகளில் அது இல்லை. இரவில் வால்யூமைக் குறைத்து வைத்தேன் என்பதே விளக்கம். ஒலியளவு குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது விகிதத்துக்கு மேல் இழக்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வளைகோடுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். அதன் பிறகு எந்த நேரத்தில் கேட்டாலும் குறித்துவைத்த அதே வால்யூமில்தான் கேட்டேன்.

இரண்டாவது வாரம் முழுவதும் மூக்குக்கண்ணாடியால் போயிற்று. மூடிய ஹெட்போனில் கும்கி மெலிந்து, தொப்பியின் அடி வெறும் அட்டைத் தட்டலைப்போல் கேட்டது. தற்செயலாகக் கண்ணாடியைக் கழற்றியபோது அந்த ஆழம் அப்படியே திரும்பி வந்தது. கண்ணாடியின் காம்பு, காதுமெத்தைக்கும் தலைக்கும் இடையே மெல்லிய இடைவெளியை உண்டாக்குகிறது; தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அந்த வழியாகக் கசிந்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, மெத்தையை உள்ளங்கையால் இலேசாக அழுத்திப் பார்த்தால் ஒலி கிடுகிடுவென்று ஏறுவது கேட்கும். இயர்போனிலும் இதே கதைதான்: உடன் வந்த நடுத்தர முனையில் பேஸே இல்லை என்று முடிவுகட்டியிருந்தேன், ஒரு அளவு பெரிய முனையைப் போட்டதும் பேஸ் சற்று மிகை என்று எழுத வேண்டியதாயிற்று. திறந்த ஹெட்போனுக்குக் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அது எப்படியும் கசியவே செய்கிறது.

அடுத்து வந்த சிக்கல் கொஞ்சம் வெட்கத்துக்குரியது. இயர்போனில் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் நகர்ந்து, இடப்பக்கம் துணி போர்த்தியதுபோல் மங்கியிருந்தது. என் இடது காதையே சந்தேகித்தேன். இரண்டு பக்கங்களையும் மாற்றிச் செருகியபோது மங்கலும் கூடவே மாறியது. ஆக, குறை காதில் இல்லை. முனையைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் குழாயின் வாயைப் பார்த்தபோது, ஒலி வரும் வலைக்கண்களில் முக்கால்வாசி குறும்பியால் அடைபட்டிருந்தன. வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் மெல்லத் துடைத்தேன். மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் அழுக்கு உள்ளே போய்விடும். குரல் நடுவுக்குத் திரும்பியது. இயர்போனின் உயர் ஒலிகளைக் குறைகூறி இரண்டு நாட்கள் எழுதிய பக்கங்களை அன்றே கிழித்துப் போட்டேன்.

இவ்வளவையும் களைந்த பிறகும் நிலைத்த வேறுபாடுகள் சில உண்டு. திறந்த ஹெட்போனில் 100 ஹெர்ட்ஸ் வரை குறையில்லை. 50 ஹெர்ட்ஸில் மற்ற இரண்டைவிடத் தெளிவாகப் பின்தங்குகிறது. கும்கியின் வழுக்கல் கேட்கிறது, அது நெஞ்சில் படும் உணர்வு இல்லை. ஆனால் குரலும் வலந்தலையும் இதில்தான் மிக இயல்பாக இருக்கின்றன. மூடிய வகை 150 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வீங்கியிருப்பதால் ஆண்குரல் தொண்டை கட்டியதுபோல் தடிக்கிறது. ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை 3 டெசிபல் குறைத்ததும் குரல் விடுபட்டது. இதே ஹெட்போனைக் கம்பியில் இணைத்தால் ஒலி வேறாக, இன்னும் மந்தமாக இருப்பதற்குக் கம்பியைக் குறைசொல்ல முடியாது. உள்ளே இருக்கும் சிப் செய்யும் திருத்தம் அப்போது நின்றுவிடுகிறது.

இயர்போனின் வேறுபாடுதான் எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது. தொனியை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு போகும்போது 8000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்முனை குத்தியது. பாட்டில் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறியதற்கு அதுவே காரணம். இயர்போனை இன்னும் ஆழமாகச் செருகி அதே தொனியை ஓட்டினால், குத்தும் இடம் 9000-ஐ நோக்கி நகர்ந்துவிட்டது. முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட காற்றுத்தம்பம் சுருங்கச் சுருங்க அதன் ஒத்ததிர்வு மேலே ஏறுகிறது. அந்தச் சீற்றத்தில் இயர்போனுக்கு ஒரு பங்கு என்றால், நான் செருகும் விதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்னொருவர் காதில் அது வேறு இடத்தில் குத்தும்.

எது எது என்று தெரியாமல் மூன்றையும் ஒப்பிட முடியுமா என்றும் முயன்றேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தங்கையை மாட்டிவிடச் சொன்னேன். எடையும் பஞ்சின் உரசலும் முதல் நொடியிலேயே காட்டிக்கொடுத்துவிட்டன. அவளுக்குச் சிரிப்பு, எனக்கு ஒரு மாலை வீண். கோப்புகளை ஒப்பிடுவதில் அந்தத் தடை இல்லாததால், திறந்த ஹெட்போனில் சுருக்கும்போது எதையும் இழக்காத கோப்பையும், சிலவற்றை விட்டுவிட்டுச் சுருக்கிய 256 கிலோபிட் ஏஏசி கோப்பையும் எது எது என்று தெரியாதபடி 16 முறை ஒப்பிட்டேன். 12 முறையாவது சரியாகச் சொல்லியிருந்தால் குருட்டாம்போக்கு என்று தள்ள முடியாது. நான் சொன்னது 9.

திறந்த ஹெட்போனின் பஞ்சு நைந்து போயிருந்ததால், நேற்று புதிய உறையை மாட்டி எல்லாத் தொனிகளையும் மறுபடி ஓட்டினேன். தட்டையாகிப்போன பழைய பஞ்சில், ஒலியெழுப்பும் பாகமான டிரைவர் காதுக்கு மிக அருகில் அமர்ந்திருந்தது. புதிய பஞ்சு அந்த டிரைவரைச் சில மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துகிறது. 50 ஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒலியளவும் மாறியிருப்பதால், அந்த ஹெட்போனை மட்டும் மறுபடி சமன்செய்ய வேண்டும்.