வாத்துக்கு வீடு கட்டும் தீவுகள்

ஜூலை இரண்டாம் வாரம். தங்கை நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரத்தில் படிக்கிறாள். விடுமுறையில் அவளோடு எங்காவது போகலாம் என்று பேச்சு வந்தபோது நான் லோஃபோட்டன் தீவுகள் என்றேன். "அங்கே எல்லோரும் போறாங்கண்ணா, நாம வேகா போலாம்" என்றாள். வேகா என்ற பெயரை அதுவரை நான் கேட்டதே இல்லை. இன்று நார்வேயில் எந்த இடம் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

ஸ்டைன்ஷேரிலிருந்து பூடோ வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் போகிற கரையோரச் சாலையைப் பிடித்தோம். சாலை என்றுதான் பெயர். நடுநடுவே கடல் குறுக்கிட, காரைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்கி மறுபடி ஓட்ட வேண்டும். ப்ரொன்னோய்சுண்ட் ஊருக்குப் பக்கத்தில் டோர்க்ஹாட்டன் என்று ஒரு மலை இருக்கிறது. கவிழ்த்து வைத்த தொப்பி மாதிரி உருவம், நட்டநடுவில் ஓட்டை. 160 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். அதற்குள்ளேயே நடந்து மறுபக்கம் போகலாம்.

ஓட்டைக்கு ஒரு கதை உண்டு. குதிரைவீரன் ஒருவன் லேக்கா என்ற பெண்ணை இரவெல்லாம் துரத்துகிறான். அவள் கைக்குச் சிக்கமாட்டாள் என்று தெரிந்ததும் அம்பை விடுகிறான். சோம்னா அரசன் தன் தொப்பியை வீசி அம்பைத் தடுக்கிறான். அம்பு தொப்பியைத் துளைக்கிறது, அதே நேரம் சூரியன் உதிக்கிறது, எல்லோரும் கல்லாகிவிடுகிறார்கள். அந்தக் குதிரைவீரன், அந்தப் பெண், கூட ஓடிய ஏழு சகோதரிகள் எல்லோரும் இந்தக் கரையில் மலைகளாகவும் தீவுகளாகவும் நிற்கிறார்கள். உண்மையில் ஓட்டையைக் குடைந்தது பனியும் கடல் அலையும். பனியுகத்தில் பனிக்கட்டியின் பாரத்தால் நிலம் அமிழ்ந்து கிடந்தது. கடல் இன்றைக்கு இருப்பதைவிட மிக உயரத்தில், இந்த ஓட்டை மட்டத்தில் மோதிக்கொண்டிருந்தது. பனி உருகிய பிறகு நிலம் மெல்ல மேலெழும்பி ஓட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அங்கிருந்து ஹோர்ன் துறைக்குப் போய்க் கார்ப் படகு ஏறினோம். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் ஒன்றும் காபியும் முடிவதற்குள் வேகா தெரிந்துவிட்டது.

முதன்மைத் தீவில் சுமார் 1,200 பேர் இருக்கிறார்கள். பச்சை வயல், ஆடுகள், சிவப்பு வெள்ளை மர வீடுகள். மறுநாள் காலை ராவன்ஃப்ளோகெட் பாறை மேல் ஏறும் படிக்கட்டுக்குப் போனோம். 2,000 படி. ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்தது. கடல் முழுக்கத் தீவுகள், ஒரு கைப்பிடி கடுகைத் தரையில் விசிறிய மாதிரி. கிட்டத்தட்ட 6,500 தீவு, திட்டு, பாறை என்று கணக்குச் சொல்கிறார்கள். கடலுக்கு அடியில் சற்றே ஆழத்தில் அகலமான ஒரு பாறைத் தளம் கரையோரமாகவே ஓடுகிறது. அதன் மேடுகள் மட்டும் நீருக்கு மேல் தலை காட்டுகின்றன. இந்த நிலவடிவத்துக்கு 1894இல் ஹான்ஸ் ராய்ஷ் என்ற நிலவியலாளர் வைத்த 'ஸ்ட்ராண்ட்ஃப்ளாட்' என்ற பெயர்தான் இன்றும் உலகமெங்கும் வழங்குகிறது.

2004இல் யுனெஸ்கோ இந்தத் தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லையாக வரையப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டரில் நிலம் 69 சதுர கிலோமீட்டர்தான், மீதியெல்லாம் தண்ணீர். மரம் வளராத, காற்று ஓயாத இந்தத் துண்டு நிலங்களில் மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? மீன் ஒரு வழி. இன்னொரு வழி, ஈடர் என்ற கடல் வாத்து.

சரி, இனி அந்த வாத்தைப் பற்றித்தான்.

ஏப்ரலில் ஈடர்கள் கரையேறும். ஆண் வாத்து கறுப்பு வெள்ளையில் எடுப்பாக இருக்கும், பெண் பாறையோடு பாறையாகக் கலந்துவிடும் பழுப்பு. பெண் வாத்து தன் மார்பிலிருந்து உதிரும் மென்மையான தூவியால், அதாவது மெல்லிய உள்ளிறகால், கூட்டை மெத்தையாக்கி, நாலைந்து முட்டையிட்டு, ஏறக்குறைய 25 நாள் அடைகாக்கும். அந்த நாட்களில் இரைக்குக்கூட அனேகமாக எழுந்து போகாது. கழுகு, நீர்நாய், அண்டங்காக்கை எல்லாவற்றுக்கும் அது சுலபமான இரை. தீவுக்காரர்கள் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். கல்லடுக்கி, கரையொதுங்கிய மரத்தை வைத்து, உடைந்த படகைக் கவிழ்த்து, சில இடங்களில் தங்கள் வீட்டுத் திண்ணைக்கு அடியிலேயே இடம் விட்டு. உள்ளே காய்ந்த கடற்பாசியைப் பரப்பி வைப்பார்கள். வாத்து அங்கே பத்திரமாகக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளோடு கடலுக்குப் போன பிறகு, விட்டுப்போன தூவியை இவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இதுதான் ஒப்பந்தம். வாத்தைப் பிடிப்பதில்லை, கூண்டில் அடைப்பதில்லை. அது காட்டுப் பறவைதான், இடம் ஒத்துவராவிட்டால் அடுத்த வருடம் வராது.

நாங்கள் போன படகு லோனன் தீவில் நின்றது. ஒரு காலத்தில் தூவிக்குப் பேர்போன தீவு அது. அடைகாக்கும் காலத்தில் வெளியாட்களை விடமாட்டார்கள், குஞ்சுகள் போன பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா சுற்றிக் காட்டினார். தங்கை மொழிபெயர்த்தாள்.

வாத்துகள் இருக்கும்போது இங்கே ஓடக்கூடாது, கத்தக்கூடாது, நாய் கூடாது என்றார் அவர். தினமும் ஒரே வழியில்தான் நடப்பாராம், ஒரே உடுப்புதானாம், வாத்துக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டுமென்று. நான் ஏதோ கேட்கக் கொஞ்சம் உரக்கப் பேசியிருப்பேன் போல. வாத்தே இல்லாத தீவில் அவர் சட்டென்று தோளைக் குறுக்கினார். "அண்ணா, மெதுவாப் பேசு" என்றாள் தங்கை. பழக்கம் உடம்பில் ஊறியிருந்தது.

வாத்து வீட்டுக்கு இங்கே 'ஏ-ஹூஸ்' என்று பெயர். ஏ என்றால் வட்டார வழக்கில் ஈடர், ஹூஸ் என்றால் வீடு. ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரம், தட்டைக் கல் கூரை, தரையில் குழிந்து கிடந்த கடற்பாசியில் வாத்து உட்கார்ந்த அச்சு அப்படியே இருந்தது. ஒரு ஓரத்தில் முட்டையோட்டின் வெளிர்பச்சைத் துண்டு.

பிறகு கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒரு மரச்சட்டத்தைக் காட்டினார். நெருக்கமாக நரம்பு கட்டியிருந்தது. அதற்குப் பெயரே 'தூவி யாழ்' என்று சொல்லும்படியான ஒரு நார்வேச் சொல். கூட்டிலிருந்து எடுத்த தூவியில் கடற்பாசித் தூள், குச்சி, ஓட்டுத் துண்டு எல்லாம் பின்னிக் கிடக்கும். நரம்பின் மேல் வைத்துக் கட்டையால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அழுக்கெல்லாம் கீழே உதிரும். தூவி மட்டும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு மேலே நிற்கும். ஒரு போர்வைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூவி, அதற்கு அறுபது எழுபது கூடுகள் வேண்டும். அப்படிப்பட்ட போர்வை நம் காசுக்குச் சில லட்சம் ரூபாய் ஆகிறது. எத்தனை நாள் வேலை என்று பார்த்த பிறகு எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

சுத்தம் செய்த தூவியில் ஒரு பந்தை என் உள்ளங்கையில் வைத்தார். எதுவும் வைத்த மாதிரியே இல்லை. கண்ணை மூடச் சொன்னார். ஐந்தாறு நொடிக்குள் கை நடுவில் ஒரு கதகதப்பு பரவியது, அதை வைத்துத்தான் பந்து எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. பழம்பாட்டில் அரசியின் கட்டிலில் அன்னத்தூவி மெத்தை என்று படித்தபோது வெறும் வர்ணனை என்று கடந்து போயிருக்கிறேன். தூவி என்ற சொல்லின் பொருள் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

இந்த வேலையைக் காலங்காலமாகக் காத்தது பெண்கள். ஜனவரியில் ஆண்கள் காட் மீன் பிடிக்க வடக்கே லோஃபோட்டனுக்குப் படகேறிவிடுவார்கள். மாடு, ஆடு, பிள்ளைகள், பறவைகள் எல்லாம் பெண்கள் பொறுப்பு. யுனெஸ்கோ அங்கீகாரத்திலேயே தூவித் தொழிலில் பெண்களின் பங்கு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அரசர்கள் பெயரும் போர்களும் நிறைந்த பட்டியலில், வாத்துக்குக் கடற்பாசி பரப்பிய கைகளுக்கும் இடம் கிடைத்ததை நினைத்து எனக்கு மனசு நிறைந்தது.

ஆனால் எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரோமத்துக்காக வளர்த்த அமெரிக்க மிங்க் என்ற கீரி மாதிரியான பிராணி பண்ணைகளிலிருந்து தப்பித் தீவுகளில் பெருகி, முட்டையையும் வாத்தையும் தின்று தீர்த்தது. கரண்ட், பள்ளிக்கூடம், வேலை என்று மக்களும் முதன்மைத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நகர்ந்தார்கள். 1970களுக்குள் வெளித்தீவுகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. மனிதர் இல்லாத இடத்தில் வாத்தும் தங்கவில்லை, காவல் இல்லையே. இப்போது சில குடும்பங்கள் மட்டும் வசந்தத்தில் திரும்பி வந்து, பழைய வீடுகளைச் செப்பனிட்டு, கோடை வரை காவல் இருக்கின்றன.

மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், வெயில் உச்சியில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. துறையை விட்டுக் கொஞ்சதூரம் வந்ததும் படகோட்டி எந்திரத்தை நிறுத்தினார். என்ன கோளாறோ என்று எழுந்து பார்த்தேன். முன்னால் மூன்று பெண் ஈடர்கள், நடுவில் பதினைந்துக்கும் மேல் குஞ்சுகள், பழுப்புப் பந்துகளாகக் குறுக்கே நீந்திக்கொண்டிருந்தன. ஈடர் தாய்கள் இப்படிச் சேர்ந்துதான் பிள்ளைகளை வளர்க்குமாம். படகில் இருந்த பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை. ஒரு குஞ்சு பின்தங்கியது. ஒரு தாய் திரும்பி வந்து அதற்குப் பின்னால் நீந்தியது. கடைசிக் குஞ்சும் பாறைக்கு அப்பால் மறைந்த பிறகும் படகோட்டி சற்று நேரம் பொறுத்திருந்துதான் எந்திரத்தை மறுபடி எழுப்பினார்.