2,38,000 கி.மீ. ஓடிய டீசல் கார்: வாங்குவதா, விடுவதா?

மார்ச் 3, 2025, திங்கள்

புது வேலைக்குத் தினமும் போக 55 கி.மீ., வர 55 கி.மீ. பெரும்பகுதி நெடுஞ்சாலை. இந்த ஓட்டத்துக்கு டீசல்தான் தோது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. தேடித் தேடி இப்போது இரண்டு வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன. ஒரே மாடல், ஒரே எஞ்சின், இரண்டுக்கும் எட்டு வயது. ஒன்று 82,000 கி.மீ. ஓடியது. மற்றது 2,38,000 கி.மீ. விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை.

யாரைக் கேட்டாலும் "குறைவா ஓடினதை எடு, வேற பேச்சே வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு அப்படிச் சட்டென்று முடிவு செய்ய மனம் வரவில்லை. எட்டு வருடத்தில் 82,000 என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக 28 கி.மீ. இந்த எஞ்சினில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது சரியாக வேலை செய்ய நீண்ட ஓட்டம் வேண்டும். இரண்டையும் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு.

மார்ச் 5, புதன்

"டீசல் எஞ்சின் அஞ்சு லட்சம் அசால்ட்டா ஓடும்" என்று இன்று ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மை இருக்கிறது. கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவர் தன் 1976 மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கி.மீ. ஓட்டினார், 2004-ல் அது மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கே போனது. ஆனால் வழியில் எஞ்சினைப் பலமுறை மாற்றியிருக்கிறார். அந்தக் காலத்து எஞ்சினும் வேறு: டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் காமன் ரெயில் கிடையாது, டிபிஎஃப் கிடையாது.

காமன் ரெயில் கார்களுக்கு வந்தது 1997-ல், ஆல்ஃபா ரோமியோ 156-ல். டிபிஎஃப் 2000-ல் பியூஜோ 607-ல். இன்றைய இன்ஜெக்டர்கள் 2,000 பார் அழுத்தத்தைத் தாங்குகின்றன. கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான். இப்போதைய டீசலிலும் எஞ்சின் கட்டை நீண்ட நாள் உழைக்கும். செலவு வைப்பது அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள்: இன்ஜெக்டர், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது), டிபிஎஃப், டூயல் மாஸ் பிளைவீல் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரட்டைச் சக்கரம்). அதனால் பழைய டீசல்களின் பெயரை நம்பி இதை வாங்க முடியாது. பார்க்க வேண்டியது இந்தச் சாமான்களைத்தான்.

மார்ச் 8, சனி

அதிகம் ஓடிய வண்டியை இன்று காலை பார்த்தேன். தெரிந்த மெக்கானிக் அண்ணனும் கூட வந்தார். "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே விற்பவரிடம் சொல்லி வைத்திருந்தேன். போனதும் முதல் வேலையாக அண்ணன் பானெட் மேல் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

டீசலில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை நசுக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். பிஸ்டன் ரிங் அல்லது வால்வு தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தாலும், ஆறிய எஞ்சினைச் சூடேற்றிக் கொடுக்கும் கிளோ பிளக் போயிருந்தாலும் ஆறிய எஞ்சின் காட்டிக்கொடுத்துவிடும். சூடான எஞ்சினில் பாதிக் குறை மறைந்துபோகும். இந்த வண்டி முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. டிபிஎஃப் இருக்கும் வண்டியில் புகை இல்லாதது மட்டும் போதாது என்று அண்ணன் ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சர் முனைக்குள் விட்டுத் துடைத்து எடுத்தார். லேசான சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது, கரி இல்லை. கரியாக வந்திருந்தால் உள்ளே வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தோம். மெல்லிய ஆவி வந்தது, ரிங் தேய்ந்த எஞ்சின் மாதிரி குபுகுபுவென்று தள்ளவில்லை.

சர்வீஸ் காகிதங்கள் ஒரு கோப்பு நிறைய. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்தது சீராக ஏறுகிறது. ஓடோமீட்டரைக் குறைத்து வைப்பது இன்று கஷ்டமான வேலை இல்லை, அதனால் இந்தக் காகித வரிசை இல்லாத வண்டியை நான் தொடவே மாட்டேன். பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் மூன்றும் 2,38,000-க்குப் பொருத்தமாகத் தேய்ந்திருக்கின்றன. 1,20,000-ல் டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது) மாற்றிய பில்லும் இருந்தது. இந்த எஞ்சினுக்கு அடுத்த தவணை 2,40,000. அதாவது, இப்போதே.

ஓட்டிப் பார்த்தேன். உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் முடிந்தது. இது நன்றாக இழுத்தது. ஆனால் எஞ்சினை அணைக்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கடகட சத்தம். அண்ணன் என்னைப் பார்த்தார். "பிளைவீல் தம்பி."

மார்ச் 9, ஞாயிறு

குறைவாக ஓடிய வண்டி. உள்ளே புதுசு மாதிரி இருக்கிறது, பார்த்தவுடனே ஆசை வரும். உரிமையாளர் நல்ல மனிதர். வீட்டிலிருந்து பக்கத்தில்தான் ஆபீஸ், பிள்ளைகளைப் பள்ளியில் விட எடுப்பேன், மற்றபடி வண்டி நிழலில்தான் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னார்.

அண்ணன் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டு போனேன், டீசல் வாடை.

டிபிஎஃப்-ல் கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரிக்கும், ரீஜெனரேஷன் என்பார்கள். அதற்கு வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். அந்தச் சூட்டுக்காகப் பல எஞ்சின்களில் சிலிண்டருக்குள் கடைசி நேரத்தில் கொஞ்சம் டீசல் கூடுதலாகத் தெளிக்கப்படும். நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டால் வேலை அரைகுறையாக நின்றுவிடும், அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து. தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயில் நீர்த்துப் போகும். அந்த ஆயிலை நம்பித்தான் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது.

வண்டியின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் பாதியில் நின்றுபோன ரீஜெனரேஷன்கள் வரிசையாக வந்தன. அந்த மனிதர் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அண்ணன் தன்மையாகச் சொன்னார்: "சார், உடனே ஆயில் மாத்திடுங்க. வாரத்துல ஒரு நாளாவது ஹைவேல அரை மணி நேரம் ஓட்டுங்க." அவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு வண்டியிலும் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் ஸ்கேனரில் குறித்து வைத்திருந்தேன். 2,38,000 கி.மீ. வண்டி 4,100 மணி நேரம். 82,000 கி.மீ. வண்டி 3,700 மணி நேரம்.

முதலாவதன் சராசரி வேகம் மணிக்கு 58 கி.மீ., இரண்டாவது 22. ஓடோமீட்டரில் மூன்று மடங்கு வித்தியாசம் காட்டும் இரண்டு எஞ்சின்களும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் உழைத்திருக்கின்றன. அதிலும் ஒன்று சரியான சூட்டில் நிம்மதியாக ஓடியது. மற்றது பாதி நாள் சூடேறாமலேயே அணைந்தது. கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் நகர ஓட்டம்தான் அதிக அடி.

குறைவாக ஓடிய வண்டியை விட்டுவிட்டேன்.

மார்ச் 15, சனி

மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விற்பவரின் சம்மதத்தோடு இன்று வண்டி அண்ணன் பட்டறையில்.

நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் அதிக டீசலைத் திருப்பி அனுப்பும். முதல், இரண்டாம், நான்காம் குப்பிகள் ஒரே மட்டம். மூன்றாவது அவற்றைவிடச் சற்று உயரம். குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் ஓடும். ஆனா முதல்ல செலவு வைக்கப் போறது இதுதான்" என்றார்.

டர்போ காற்றுக் குழாயில் லேசான ஆயில் பூச்சு, அவ்வளவுதான், குட்டை இல்லை. கூலன்ட் சுத்தம்.

அடுத்தது சாம்பல். கரி எரிந்துவிடும், ஆயிலில் உள்ள சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது. எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் டிபிஎஃப்-க்குள் அது சேர்ந்துகொண்டேதான் போகும். அதிகம் ஓடிய வண்டியின் உண்மையான வயது எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஸ்கேனர் கணக்குப்படி கொள்ளளவில் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது. கழற்றிக் கழுவித் தரும் இடங்கள் உண்டு, உடனே புதுசு போட வேண்டியதில்லை. ஆனாலும் செலவு செலவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் உடனே. இது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும், தள்ளிப்போடவே கூடாது. பிளைவீல் இந்த வருடத்துக்குள்; கியர்பாக்ஸை இறக்கும்போதே கிளட்ச்சையும் மாற்றிவிட வேண்டும், கூலி ஒன்றுதான். டிபிஎஃப் கழுவுவது அடுத்த வருடம். ஒரு இன்ஜெக்டர் எப்போது வேண்டுமானாலும்.

எல்லாவற்றையும் கூட்டினால் கேட்கும் விலையில் கால் பங்கு வருகிறது. அத்தனையும் சேர்ந்தும் அந்த இன்னொரு வண்டியின் விலையைத் தொடவில்லை. ஆனால் இந்தக் கால் பங்கு கையில் இல்லாமல் இந்த வண்டியை வாங்கவே கூடாது. கையிருப்பை முழுக்கக் கொட்டி வாங்கிவிட்டு பிளைவீலுக்குக் கடன் தேடுவது எனக்குச் சரிப்படாது.

மார்ச் 19, புதன்

விற்பவரிடம் பட்டறையில் எழுதிய தாளைக் காட்டிப் பேசினேன். பெல்ட்டையும் பிளைவீலையும் ஒப்புக்கொண்டார், பாதிச் செலவைக் குறைத்தார். இன்ஜெக்டருக்கு மாட்டேன் என்றார். ஓடுகிற சாமானுக்கு ஏன் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதுவும் நியாயம்தான். சரி என்று கை கொடுத்தேன்.

மார்ச் 22, சனி

பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தாயிற்று. வண்டி நேராகப் பட்டறைக்குப் போனது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் புதுசு. கழற்றிய பெல்ட்டை மடக்கிக் காட்டினார் அண்ணன், பல்லின் அடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. டீசல் பில்டரும் மாற்றினோம். ஆயில் கையேட்டில் சொன்ன அதே சாம்பல் குறைந்த ரகம்தான். கையேடு அனுமதிக்கும் இடைவெளி நீளம். நான் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றப்போகிறேன்.

பிளைவீல் வேலைக்கு அடுத்த மாதம் நாள் கேட்டிருக்கிறேன். திங்கள் முதல் ஆபீஸுக்கு இதில்தான்.