அழுத்தாமல் மழிக்கப் பழகியது

ஷேவிங் விஷயத்தில் எனக்குக் கழுத்துதான் எப்போதும் தகராறு. கன்னம் எப்படி மழித்தாலும் பொறுத்துக்கொள்ளும். குரல்வளையைச் சுற்றி மட்டும் மறுநாளே சிவப்பாகப் பொரிந்துவிடும், சட்டைக் காலர் பட்டாலே எரியும். இரண்டு பிளேடில் ஆரம்பித்து ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் வரைக்கும் மாற்றிப் பார்த்தாயிற்று. விலை ஏறியதே தவிர, பொரிவது குறையவில்லை.

கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர்தான் காரணத்தைச் சொன்னார். பல பிளேடு வைத்த ரேஸரில் முதல் பிளேடு முடியைப் பிடித்து லேசாக வெளியே இழுக்கும். அது உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முனை தோல்மட்டத்துக்கும் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். முடி சுருளாக இருந்தால் திரும்ப வளரும்போது நேராக வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்தும், அங்கே கட்டி வரும். “ஒற்றை பிளேடுக்கு மாறிப் பாருங்க. இல்லைன்னா தாடி விட்டுடுங்க” என்றார். எனக்குத் தாடி திட்டுத் திட்டாகத்தான் வளரும். ஆகவே முதல் யோசனை.

ஒற்றை பிளேடு ரேஸர் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரண்டாகத் திறக்கும் ஒன்றை அப்பா இன்றைக்கும் வைத்திருக்கிறார். ஸ்டெயின்லெஸ் பிளேடு வருவதற்கு முன்பு பிளேடு துருப்பிடிக்கும் என்றும், மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்து இன்னும் சில நாள் ஓட்டுவார்கள் என்றும் கதை சொல்வார். பிரிட்டனில் வில்கின்சன் ஸ்வோர்ட் ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்து சந்தையைக் கலக்கியது 1962-இல். அதற்கு முன் பெரும்பாலும் கார்பன் எஃகுதான்.

தூக்கியெறியும் மெல்லிய பிளேடு என்ற யோசனையை வியாபாரமாக்கியவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். 1903-இல் விற்பனையைத் தொடங்கினார். அந்த வருடம் விற்றது வெறும் 51 ரேஸரும் 168 பிளேடும். காப்புரிமை கிடைத்தது 1904-இல். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு ரேஸர் கொடுக்கப்பட்ட பிறகு அது வீட்டுக்கு வீடு போனது. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பிளேடின் நடுவில் இருக்கும் அந்த நீளத் துளையின் வடிவம் ஏறக்குறைய 1930 முதல் மாறவே இல்லை. தாத்தா காலத்து ரேஸரிலும் இன்றைக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு பொருந்தும். இப்போதைய கார்ட்ரிட்ஜ் கம்பெனிகள் இதைச் செய்யுமா?

நான் வாங்கியது மூன்று துண்டாகக் கழற்றும் வகை: மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியது. அடித்தட்டின் விளிம்பு சிலவற்றில் நேராக இருக்கும், சிலவற்றில் பல்பல்லாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நேர் விளிம்பே போதும். பல் வைத்தது நாலைந்து நாள் வளர்ந்த தாடிக்குத்தான் சௌகரியம். கையில் எடுத்ததும் தெரிவது கனம். பிளாஸ்டிக் ரேஸருக்குப் பழகிய கைக்கு அது நிஜமாகவே வித்தியாசமாக இருந்தது. பிளேடை மாட்டும்போது அதன் குறுகிய இரண்டு ஓரங்களை மட்டும்தான் தொட வேண்டும். மூடியைத் திருகி முடித்ததும் இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப்பார்க்கிறதா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

பிளேடுக்கு பிளேடு கூர்மை வேறு. ஜப்பானின் ஃபெதர் பிளேடுக்குக் கூர்மையில் பெரிய பெயர் உண்டு. ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எனக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 7 ஓ’கிளாக் ஒத்துப்போனது. சலூனில் காகித உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் மாட்டுகிறார்களே, அதே ஜாதி பிளேடுதான் இதுவும்.

நுரை விஷயத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை மெல்லிசாக எழும்பி, கன்னத்தில் பூசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். க்ரீம்தான் மட்டம் என்று நினைத்து விலை கூடியதை வாங்கினேன், அதுவும் அப்படியே. கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகின்றன, நுரைக்குச் சோப்பே மிஞ்சுவதில்லை. அப்புறம் ஒரு டம்ளர் ஃபில்டர் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு அதில் மட்டும் பிரஷ்ஷை நனைத்தேன். அதே க்ரீம், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் கொட்டாத நுரை. போர்வெல் வீட்டுக்காரர்கள் ரேஸரை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம்.

குளித்து முடித்த கையோடு மழிப்பதும் உதவுகிறது. முடி தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆக இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி பிளேடைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் மழித்துப் பார்த்து 2020-இல் எழுதியிருந்தார்கள். விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைவிட, அங்கங்கே துணுக்குத் துணுக்காகப் பெயர்வதுதான் காரணமாம். மழுங்கிய பிளேடு சரசரவென்று இழுப்பதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி கோணம். ரேஸரின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்கினால் ஓரிடத்தில் பிளேடு தோலைத் தொடும். அதுதான் இடம். சுமார் முப்பது டிகிரி என்பார்கள், ஆனால் யாரும் கோணமானி வைத்துக்கொண்டு மழிக்கப் போவதில்லை. காதுதான் அளவுகோல். சரியான கோணத்தில் முடி அறுபடும் சத்தம் தெளிவாகக் கேட்கும். கோணம் தப்பினால் சத்தம் நின்றுவிடும், அல்லது சுரண்டும் ஓசை வரும். இதற்காகவே குளியலறை மின்விசிறியை அணைத்துவிடுவேன்.

கோணம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அழுத்தம்தான் போகவில்லை. கார்ட்ரிட்ஜ் தலை ஸ்பிரிங் வைத்ததுபோல மடங்கிக் கொடுக்கும், எவ்வளவு அழுத்தினாலும் சமாளிக்கும். வருடக்கணக்கான அந்தப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. அப்பா ஒருநாள் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏன்டா இப்படிச் சுரண்டுற? அது இரும்பு, அதுக்கே கனம் இருக்கு. நீ சும்மா கூடப் போனாப் போதும்.”

“முடி போக மாட்டேங்குதேப்பா.”

“போகலைன்னா இன்னொரு தரம் நுரை போட்டு எடு. ஒரே தரத்துல முடிக்கணும்னு யார் சொன்னா?”

கைப்பிடியை முஷ்டியில் பிடிக்காமல், அடிநுனியில் மூன்று விரலால் மட்டும் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. தோசைக்கல்லில் மாவைத் தேய்க்கும் கரண்டி மாதிரிதான், அழுத்தினால் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு இழுப்பும் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாடை எலும்பின் வளைவில் இதை விட்டால் கட்டாயம் கீறும்.

இவ்வளவும் செய்தும் கழுத்து மட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நாள் மழிக்காமல் விட்டு, விரலால் எல்லாத் திசையிலும் தடவிப் பார்த்தேன். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அது முடி வளரும் திசை, எந்தப் பக்கம் குத்துகிறதோ அது எதிர்த்திசை. கன்னத்தில் எல்லாம் மேலிருந்து கீழ். கழுத்தின் அடிப்பகுதியிலோ முடி கீழிருந்து மேல்நோக்கி வளர்ந்திருந்தது. இடது தாடைக்குக் கீழே ஒரு திட்டு காதுப் பக்கமாகப் படுத்திருந்தது. முகத்தை மழிக்கும் வாக்கில் கழுத்தையும் மேலிருந்து கீழாக இழுத்தால், அது எதிர்த்து மழிப்பது. இதை எந்த ரேஸர் பெட்டியிலும் அச்சடித்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஆள் மாறுகிற சமாச்சாரம். ஒற்றை பிளேடுக்கு மாறியதைவிட இந்தத் தடவிப் பார்த்தலுக்குத்தான் நான் அதிக மார்க் கொடுப்பேன்.

இப்போது முதல் சுற்று முடி வளரும் போக்கிலேயே. பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு சுற்று. கன்னத்தில் வேண்டுமானால் எதிர்த்து ஒன்று. கழுத்தில் எதிர்த்து மழிப்பதே கிடையாது. கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும், இருக்கட்டும்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ரேஸரின் தலை அகலம், பிளேடின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று மூடி மறைத்துவிடும். மீசையின் ஓரத்தைச் சீராக்கப் போய் ஒரு பக்கம் குறைந்து, அதைச் சமன் செய்ய மறுபக்கம் குறைந்து, கடைசியில் கோடு மட்டும் மிஞ்சும் ஆபத்து உண்டு. மீசை ஓரத்தையும் கிருதாவின் கீழ்க்கோட்டையும் நான் சலூன்காரரிடமே விட்டுவிட்டேன்.

மழித்து முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்ப்பேன். சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். எங்கே அதிகம் அழுத்தினோமோ அங்கே சுரீரென்று எரியும். எரிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டால் அடுத்த தடவை கை தானாக இளகும். வாசனை லோஷனெல்லாம் அவரவர் இஷ்டம்.

கழுத்துப் பொரி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இடது தாடைக்குக் கீழே அந்தத் திட்டில் அவ்வப்போது ஒன்றிரண்டு வரும். ஆனால் காலர் பட்டு எரிவது நின்றுவிட்டது. செலவும் குறைவு. ஒரு கார்ட்ரிட்ஜ் விலையில் பல மாதத்துக்கான பிளேடு வந்துவிடும். நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை தயங்காமல் மாற்றிவிடலாம். நேரம் மட்டும் கூடத்தான் ஆகிறது, காலையில் ஓடுகிற அவசரத்தில் இதைத் தொடவே கூடாது. அந்த மாதிரி நாட்களில் மழிக்காமலே போய்விடுகிறேன்.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். குப்பையைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை அலமாரியில் ஒரு கீற்றுத் துளை வைத்து, பிளேடு சுவருக்குள்ளேயே விழும்படி விட்டிருந்தார்கள். வீட்டை இடிக்கும்போது குவியலாகக் கொட்டுமாம். நமக்கு ஒரு தகர டப்பா போதும். மூடியில் கீற்று போட்டு, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று எழுதித் தனியாகக் கொடுத்துவிடலாம்.

விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். ரேஸரை மட்டும் பிளேடு இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டால் போதும். நம் நாட்டுக்குள் எந்த ஊரில் இறங்கினாலும் மூலைக்கடையில் பிளேடு கிடைக்கும்.