தனியாக ஏறிய எஞ்சினியர்

ரெண்டு நாளாக அமெரிக்க எஞ்சினியர் ஹொரேஷியோ ஆலன் என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறார்.

1829 ஆகஸ்ட் 8, பென்சில்வேனியாவின் ஹோன்ஸ்டேல். இங்கிலாந்திலிருந்து வந்த 'ஸ்டோர்பிரிட்ஜ் லயன்' நீராவி எஞ்சின், முகப்பில் வரைந்த சிங்கத்தோடு நிற்கிறது. கேட்டது நாலு டன், வந்து இறங்கியதோ கிட்டத்தட்ட ஏழு டன். தண்டவாளம் என்பது மரக்கட்டைமேல் அடித்த இரும்புப் பட்டை, அவ்வளவுதான். வளைந்து போனால் ஓடைமேல் மரப்பாலம் வேறு.

ஆபத்து என்றால் ஒருவரோடு போகட்டும் என்று 27 வயது ஆலன் தனியாக ஏறினார். அதற்குமுன் அவர் எஞ்சினே ஓட்டியதில்லை! சுமார் மூன்று மைல் போய், பின்னோக்கி ஓட்டியே திரும்பிவிட்டார். பாலம் தாங்கியது. ஆனால் தினமும் ஓட்ட இந்தப் பாதை தாங்காது என்று சிங்கத்தை ஓரங்கட்டிவிட்டார்கள். பாவம்.

அப்புறம் ஆலன் தென் கரோலினாவில் ஒரு ரயில்பாதைக்குத் தலைமை எஞ்சினியர். சார்ல்ஸ்டன் முதல் ஹாம்பர்க் வரை 136 மைல். 1833இல் உலகிலேயே நீளமான ரயில்பாதை. நடுவில் 1831இல் அங்கே 'பெஸ்ட் ஃப்ரெண்ட்' எஞ்சினின் பாய்லர் வெடித்தது. சேஃப்டி வால்வு சத்தம் பிடிக்காமல் ஃபயர்மேன் அதை அடைத்துவிட்டாராம் (குக்கர் விசிலை அமுக்குகிற கதைதான்). அவர் பிழைக்கவில்லை. அதன்பிறகு பயணிகளின் பயம் போக, எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே பஞ்சுப்பொதி ஏற்றிய வண்டி ஒன்றைக் கோத்து ஓட்டினார்கள்.