லேபில் என்னைக் கவிழ்த்த டெர்மினல் கேள்வி

நேற்று தேர்வு ரிசல்ட் வந்தது. பாஸ், ஆனால் இரண்டாவது தடவையில். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஐபிஎம் ஐ (ஐபிஎம்மின் சர்வர்களில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) லேபில், அதாவது செய்முறைத் தேர்வில், வந்த ஒரே ஒரு கேள்விதான்: "பயனர் எந்த வகை டெர்மினலில் இருக்கிறார் என்று கண்டறிந்து, அகலத் திரை என்றால் 27×132 பட்டியலும் இல்லாவிட்டால் 24×80 பட்டியலும் காட்டுக." டெர்மினல் என்றால் சிஸ்டத்தோடு இணைந்த திரையும் கீபோர்டும்; 27×132 என்றால் 27 வரி, வரிக்கு 132 எழுத்து.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ஆர்டிவிஜாப்ஏ (ஓடிக்கொண்டிருக்கும் ஜாபின் விவரத்தைத் தரும் கமாண்ட்) போட்டு ஜாப் பெயரை எடுத்தேன். இன்டராக்டிவ் ஜாபில், அதாவது ஒருவர் திரை முன் உட்கார்ந்து ஓட்டும் ஜாபில், அதுதான் டிவைஸ் பெயர், அதுவரை சரி. அப்புறம் அந்தப் பெயரைக் கொடுத்தால் வகையை வேரியபிளில் போட்டுத் தருகிற சிஎல் (ஐபிஎம் ஐயின் கமாண்ட் மொழி) கமாண்ட் ஒன்று எங்காவது இருக்கும் என்று நம்பி அரை மணி நேரம் எஃப்4 (கமாண்டின் பாராமீட்டர்களைக் காட்டும் கீ) தட்டிக்கொண்டிருந்தேன். டிவைஸ் விவரம் தரும் டிஎஸ்பிடெவ்டி கமாண்ட் அதைத் திரையில் காட்டும், பிரிண்டுக்கு அனுப்பும், வேரியபிளில் மட்டும் தராது. கடைசியில் அதை ஸ்பூலுக்கு (பிரிண்டுக்குக் காத்திருக்கும் வெளியீடு) அனுப்பி, ஸ்பூலை ஃபைலுக்குக் காப்பி செய்து, வரியை எண்ணி டெர்மினல் வகையைச் சொல்லும் 3477 என்ற நாலு எழுத்தைப் பிய்த்தெடுத்தேன். ஓடியது! தேர்வாளர் ஒன்றும் சொல்லாமல் அதையே எஸ்பிஎம்ஜாப் கமாண்டில் பேட்சுக்கு (திரை இல்லாமல் பின்னணியில் ஓடுவது) அனுப்பினார். அங்கே ஜாப் பெயர் ஜாப் டிஸ்கிரிப்ஷனிலிருந்து (ஜாபின் அமைப்புகளை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) வருகிறது, அந்தப் பெயரில் டிவைஸே கிடையாது. சிபிஎஃப்2702, அதாவது டிவைஸ் கிடைக்கவில்லை என்ற பிழை. கதை முடிந்தது.

ஸ்பூலைப் பிய்க்காமல் செய்ய க்யூடிசிஆர்டெவ்டி ஏபிஐ (டிவைஸ் விவரத்தை வேரியபிளிலேயே தரும், புரோகிராமிலிருந்து அழைக்கிற சிஸ்டம் வசதி) இருக்கிறது. அதில் கை பழக:

- டிஸ்ப்ளேவுக்கு ஃபார்மட் (எந்த விவரம் எந்த இடத்தில் வரும் என்ற அமைப்பு) டெவ்டி0600. வகையும் மாடலும் அதில் தனித்தனி ஃபீல்டு.
- விவரம் வந்து விழும் வேரியபிளின் நீளத்தைச் சொல்லும் பாராமீட்டர் 4 பைட் பைனரி. சிஎல்லில் டெசிமல் வேரியபிளைக் கொடுத்து அழாதீர்கள்.
- எரர் கோடு பாராமீட்டரின் முதல் 4 பைட் 0 என்றால் பிழை எஸ்கேப் மெசேஜாக (பிடிக்காவிட்டால் புரோகிராமை நிறுத்தும் மெசேஜ்) வந்து விழும். அதைப் பிடிக்க மான்மெசேஜ் கமாண்ட் வையுங்கள்.
- டெர்மினல் வகை-மாடல்களில் 5251-11, 3179-2 இரண்டும் 24×80. 3180-2, 3477-எஃப்சி இரண்டும் 27×132.
- எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்டிவிஜாப்ஏ தருகிற ஜாப் டைப்பைப் பாருங்கள்: 0 பேட்ச், 1 இன்டராக்டிவ். முன்னால்! இதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

ஆனால் அந்த வகைப் பட்டியலையும் ரொம்ப நம்ப வேண்டாம். இப்போது யார் மேசையிலும் நிஜமான 3477 இல்லை. டெல்நெட்டில் (நெட்வொர்க் வழி இணைப்பு) இணையும்போது எமுலேட்டர் (பிசியில் டெர்மினலாக நடிக்கும் சாஃப்ட்வேர்) "நான் ஐபிஎம்-3477-எஃப்சி" என்று சொல்கிறது, சிஸ்டமும் நம்பி க்யூபேடெவ் என்று தொடங்கும் பெயரில் ஒரு டிவைஸைக் கொடுத்துவிடுகிறது, ஆக வகை என்பது இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயர், அவ்வளவுதான். பெயர்களை இஃப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எனக்கு 3180 விட்டுப்போனது, அதற்கும் மார்க் போனது.

கேள்வியில் இருந்த "வகை" என்ற சொல்லே தூண்டில் என்பது என் கருத்து. அவர்களுக்கு வேண்டியது திரை 132 எழுத்து தாங்குமா என்பதுதான். அதை க்யூஎஸ்என்-க்யூஆர்ஒய்-மாட்சப் ஏபிஐயிடம் நேராகவே கேட்கலாம்: மோடு 4 கொடுத்தால் 27×132 முடியுமா என்று 1 அல்லது 0 வரும். டிடிஎஸ்ஸில் (திரை அமைப்பை எழுதும் மொழி) திரை அளவைச் சொல்லும் டிஎஸ்பிசைஸ் எழுதும்போது டிஎஸ்3 (24×80), டிஎஸ்4 (27×132) இரண்டையும் எழுதுங்கள், 27×132 மட்டும் எழுதினால் சின்னத் திரையில் ஃபைல் ஓபனே ஆகாது.

மனப்பாடம் வருகிறவர்கள் ஃபார்மட் அட்டவணையைப் படித்தே தாண்டிவிடலாம். எனக்கு உடைத்துப் பார்த்தால்தான் ஏறும், அதனால் தேர்வுக்கு முந்தின வாரம் எழுதிய ஒவ்வொரு புரோகிராமையும் பேட்சில் ஒரு தடவை, 24×80 செஷனில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

இந்தத் தடவையும் அதே தேர்வாளர், அதே எஸ்பிஎம்ஜாப். ஜாப் லாகில் "திரை இல்லாத ஜாப், பட்டியல் காட்டவில்லை" என்று நான் எழுதிய மெசேஜ் இருந்தது, ஜாப் ஒழுங்காக முடிந்திருந்தது. அவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.